மட்டமாக நிற்கிற கார் எல்லாம் சரியான கார் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், அப்படி வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், சாய்ந்த மூலையைத் தூக்கி நிறுத்துவது வைத்தியம் ஆகிவிடாது. பல நேரம் அது இருக்கிற நோயை மறைத்துவிட்டு, கூடவே இன்னொன்றையும் சேர்க்கும். எட்டி நின்று கண்ணால் பார்த்து மட்டம் பிடிக்கிற பழக்கத்தைப் பட்டறைகளும் விட வேண்டும். அவர்களிடம் "கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்று சொல்கிற நாமும் விட வேண்டும். டேப் வேண்டும். எடை மேடை வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் என்பதால் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துறைமுகம், கப்பல் தளம், அனல்மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று எல்லாம் ஒரே பக்கத்தில். கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று போனால் பின்னாலேயே சாம்பல் லாரி வரும். அந்தச் சாலையில் என் பழைய மாணவர் ஒருவர் ஓட்டுவது 1970களின் அம்பாசடர், மார்க் 2. அவருடைய அப்பா டாக்சியாக ஓட்டிய வண்டி. கப்பல் தளம் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர வேண்டியிருந்தது அல்லவா, அப்போது இவர்கள் குடும்பமும் வீட்டை விட்டு வந்தது. வீடு போனது, வேப்பமரம் போனது, கார் மட்டும் கூடவே வந்தது. அதனால் அதை விற்க மாட்டேன் என்கிறார். நியாயம்தான்.

சென்ற ஆண்டு அந்த வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. முன்னாலும் பின்னாலும் இடது பக்கம் 2 செ.மீ. தாழ்வு. பின்னால் நின்று பார்த்தால் பின் இடது மூலை உட்கார்ந்துவிட்டதுபோல் தெரிந்தது. பட்டறை ஒன்றில் காட்டினார். பார்த்தவுடன் சொன்னார்களாம்: "இடது பின் பட்டை செத்துப்போச்சு. ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் மட்டம் ஆகிவிடும்." வேலைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் என்னிடம் வந்து, "சார், சரிதானே?" என்று கேட்டார்.

"போட்டால் மட்டம் ஆகும்தான். ஆனால் வண்டி சரியாகுமா என்று முதலில் பார்ப்போம், வா" என்றேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியே ஆக வேண்டும்.

அம்பாசடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் இந்திய வடிவம். பின்னால் இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். அதாவது காருக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் ஒரு எஃகுக் கம்பி. சக்கரம் மேலே எழும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குத்தான் ஸ்பிரிங். கம்பியின் பின்முனை எந்தக் கோணத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த மூலையின் உயரம் அமையும். கழற்றி மாட்டும்போது கம்பி முனையில் இருக்கும் பற்கள் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் உயரம் மாறிவிடும்.

இப்போது ஒரு நான்கு கால் ஸ்டூலை நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிற்கிறது. முன் வலது காலுக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வைக்கிறீர்கள். என்ன ஆகும்? முன் வலது காலும் அதற்குக் குறுக்கே இருக்கும் பின் இடது காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டு கால்களும் ஆடும்.

கார் ஆடாது. ஏனென்றால் நான்கு மூலையிலும் ஸ்பிரிங் இருக்கிறது, எல்லாம் விட்டுக்கொடுக்கும். ஆனால் கணக்கு அதேதான். நான்கு ஸ்பிரிங்கும் ஒரே விறைப்பு, பாரம் நடுவில் என்று வைத்துக்கொள்வோம். முன் வலது ஸ்பிரிங்கை மட்டும் 4 செ.மீ. தூக்கினால் அந்த மூலை 4 செ.மீ. உயராது, 3 செ.மீ.தான் உயரும். பக்கத்து மூலைகளான முன் இடதும் பின் வலதும் 1 செ.மீ. உயரும். குறுக்கே உள்ள பின் இடது மூலை 1 செ.மீ. தாழும். உண்மையான காரில் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போக்கு மாறாது.

இப்போது திரும்பிப் பாருங்கள். வலது முன் 3 உயர்வு, இடது முன் 1 உயர்வு. வித்தியாசம் 2 செ.மீ. பின்னால் வலது 1 உயர்வு, இடது 1 தாழ்வு. அங்கும் வித்தியாசம் 2 செ.மீ. பார்ப்பவர் கண்ணுக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது, அதிலும் பின் இடது மூலை செத்துவிட்டது என்றுதான் தெரியும். குற்றம் செய்தது முன் வலது மூலை. மாட்டிக்கொண்டது பின் இடது மூலை. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவனை எழுப்பி நிறுத்துகிற கதைதான்.

இதை டேப் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மூலையின் தவறு என்பதை உயரம் சொல்லாது, பாரம்தான் சொல்லும். நல்ல வேளையாக நம் பகுதியில் லாரி எடை மேடைக்குப் பஞ்சமில்லை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனோம். தரையோடு தரையாக இருக்கும் மேடை. ஒரு சக்கரம் மட்டும் மேடையில், மற்ற மூன்றும் வெளியே அதே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்தி, ஓட்டியவரை இறங்கச் சொல்லி, நான்கு முறை எடுத்தோம். லாரி மேடை 10 கிலோப் படிகளில்தான் காட்டும். அது போதும்.

முன் வலது 320. முன் இடது 280. பின் இடது 290. பின் வலது 250.

கூட்டிப் பாருங்கள். வலது பக்கம் மொத்தம் 570, இடது பக்கம் மொத்தம் 570. பக்கம் பக்கமாக எடுத்திருந்தால் எல்லாம் சரி என்றே வந்திருப்போம். குறுக்காகக் கூட்டினால்தான் உண்மை தெரிகிறது. முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 610. முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 530. ஸ்டூலுக்கு அடியில் அட்டை இருக்கிறது.

விசாரித்தால், சில மாதங்களுக்கு முன் வேறோர் இடத்தில் முன் வலது பக்கத்து புஷ் மாற்றியிருக்கிறார்கள். டார்ஷன் பாரைக் கழற்றித்தான் மாட்டியிருக்கிறார்கள். மாட்டும்போது பழைய நிலையைக் குறித்துவைக்கவில்லை. ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் போதும்.

இப்போது அந்தப் பின் இடது பட்டையைக் கூடுதலாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதுதான் இந்தப் பதிவின் மையம், கவனமாகப் படியுங்கள். பின் இடதை 4 செ.மீ. தூக்கினால் அதே கணக்குப்படி பின் இடது 3 உயரும், பக்கத்து மூலைகள் 1 உயரும், முன் வலது 1 தாழும். முன்பே இருக்கும் கோளாறோடு சேர்த்துக் கூட்டுங்கள். நான்கு மூலையும் சரியாக 2 செ.மீ. உயர்வில் வந்து நிற்கும். கார் தட்டையாக, அழகாக, ரசமட்டம் வைத்தாற்போல் நிற்கும். பட்டறைக்காரர் பெருமையாகக் காட்டுவார். இவரும் மகிழ்ந்து பணம் கொடுத்துவிட்டு வருவார்.

பாரம் என்ன ஆகியிருக்கும்? முன் வலது 340, முன் இடது 260. பின்னால் 310, 230. கோளாறு சரியாக இரண்டு மடங்கு.

முன் சக்கரங்களுக்குள் 80 கிலோ வித்தியாசத்தோடு, ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில், மழையில் நனைந்த சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பாரம் குறைந்த இடது சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்கும். பாரம் கூடிய வலது சக்கரம் பிடித்துக்கொள்ளும். வண்டி வலது பக்கம் இழுக்கும். நம் நாட்டில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிற வண்டி. அந்தச் சாலையில் எதிரே வருவது என்ன என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தமிழில் மட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சமம் என்பது ஒன்று, மோசம் என்பது இன்னொன்று. ஒரே கார் இரண்டு பொருளிலும் மட்டமாக இருக்க முடியும்.

சரி, எப்படித்தான் செய்வது? நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அளப்பதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஸ்பேனரைத் தொடும் முன் வண்டிச் சொந்தக்காரர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சரியா என்று பாருங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டை முடிச்சை இறக்குங்கள். தரை மட்டமா என்று கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்துப் பாருங்கள்; தரை 1 செ.மீ. சரிந்திருந்தால் காரைத் திட்டி என்ன பயன்? பிறகு வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டி, நான்கு மூலையையும் அழுத்தி விடுங்கள். பட்டைகளுக்கு இடையே உராய்வு உண்டு. தூக்கி வைத்த இடத்திலேயே அது பிடித்துக்கொண்டு நிற்கும். நம் பக்கத்து உப்புக் காற்றில் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்படி இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பதே பாதி வைத்தியம்.

அளக்கும்போது சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கலாம். ஆனால் ஐம்பது வருட வண்டியில் எத்தனை முறை டிங்கரிங் நடந்ததோ, விளிம்பு எங்கே இருக்கிறதோ. அதனால் அடியில் பாடியின் உறுதியான பகுதியிலிருந்து தரை வரைக்கும் இன்னொரு அளவு எடுங்கள். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள்.

அடுத்தது புஷ். ரப்பர் புஷ்ஷைப் போட்டு, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்டை இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த மூலை உயர்ந்து நிற்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். வண்டி தன் சக்கரத்தில் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. பட்டைப் பக்கம் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா, ஷேக்கிள் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கின் மேல் பழி போட வேண்டும்.

ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று தெரிந்தால் ஜோடியாகத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டை சேர்ப்பது கூடாது; அந்தப் பக்கம் உயரம் மட்டும் அல்ல, விறைப்பும் மாறிவிடும். செட் அடிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும், ஒரே வளைவுக்கு. டார்ஷன் பாரைத் திருப்பினால் உயரம் மாறுமே தவிர ஸ்பிரிங் பலம் மாறாது. "டைட் வைத்தால் வண்டி ஸ்டிஃப் ஆகும்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. இழுப்பு எவ்வளவோ அவ்வளவே விசை என்று ராபர்ட் ஹூக் 1678-இலேயே சொல்லிவிட்டார். தொடங்கும் இடத்தை மாற்றினால் அந்த விகிதம் மாறாது. கம்பியின் நீளம், தடிமன், எஃகு, இவை மாறினால்தான் மாறும்.

பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங். தாழ்வாக நின்றால் ஸ்டைலாக இருக்கிறது என்று சுருளை வெட்டுகிறீர்கள். வேலை செய்யும் சுருள்கள் 8 இருந்து ஒன்றை வெட்டினால் விறைப்பு 8-க்கு 7 என்ற கணக்கில் சுமார் 14 சதவீதம் கூடும். உயரம் குறைந்து, ஓடும் இடமும் குறைந்து, விறைப்பு மட்டும் கூடுகிறது. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. இதைவிடக் கொடுமை, கேஸ் விளக்கு வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கை உட்கார வைப்பது. ஸ்பிரிங் எஃகுக்கு அதன் குணத்தைக் கொடுப்பதே அளந்து செய்த சூடும் குளிரும்தான். அதைக் கண்டபடி சுட்டால் அது வெறும் வளைந்த கம்பி.

"வருடத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில்: குறைவாக ஓடுவதால்தான் ஆராய்ச்சி வேண்டும். தினமும் ஓட்டுபவருக்கு வண்டி இழுப்பது கையில் தெரியும். மாதம் ஒரு முறை எடுப்பவருக்கு அவசர பிரேக் போடுகிற அன்றுதான் தெரியும்.

"புது ஸ்பிரிங் செட் வாங்கி மாட்டிவிட்டால் முடிந்ததே" என்பது இன்னொரு வாதம். பட்டை உண்மையாகவே தளர்ந்திருந்தால் அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன வண்டியில் புது பட்டை ஜோடி போட்டிருந்தாலும் குறுக்குப் பாரம் அப்படியேதான் இருந்திருக்கும். பல் தள்ளி உட்கார்ந்த டார்ஷன் பாரைப் புது பட்டை திருத்தாது.

நம் மாவட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லேன்சர் தயாரானது பலருக்கு நினைவிருக்கும். இன்று அதே திருவள்ளூரில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்ற பிறகு, 2017-இல் அம்பாசடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் சிட்ரோயனின் அப்போதைய தாய் நிறுவனமான பெஜோதான். அந்தச் சிட்ரோயன் 1955-இலேயே டிஎஸ் என்ற காரில் எண்ணெயும் வாயுவும் வைத்துத் தன் உயரத்தைத் தானே சரி செய்துகொள்ளும் அமைப்பைக் கொடுத்தது. ஆள் ஏறினாலும் மூட்டை ஏறினாலும் கார் தன் மட்டத்துக்குத் தானே வந்துவிடும். நம் அம்பாசடருக்கு அந்த வசதி இல்லை. அந்த வேலையைச் சொந்தக்காரர்தான் செய்ய வேண்டும்.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத சொந்தப் பயன்பாட்டு வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். 70களின் தொடக்கத்து அம்பாசடர்கள் அந்த வயதைத் தொட்டுவிட்டன. கண்காட்சிக்குக் கொண்டுபோகிறோம். பெயின்ட் பளபளக்கிறது, பம்பர் கண்ணாடிபோல் இருக்கிறது. நான்கு சக்கரத்தின் பாரம் எழுதிய ஒரு தாளை யாராவது கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. கார் சங்கங்கள் இதை ஒரு வழக்கமாக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை, ஒரு எடை மேடை, ஒரு நோட்டு. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது.

இன்னொன்றும் செய்யலாம். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் லாரிப் பட்டை அடிக்கும் பட்டறைகளில் இன்னும் கைத்தேர்ச்சி உள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சிய பட்டையின் நிறத்தைப் பார்த்தே எப்போது எண்ணெயில் இறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை. ஐடிஐ மாணவர்களை ஒரு மாதம் அவர்களிடம் அனுப்பினால் என்ன? பெரியவரிடம் கை இருக்கிறது, பையனிடம் கணக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தப் பழைய வண்டியும் சாய்ந்து நிற்காது.

என் மாணவரின் காரைச் சரி செய்ததும் அப்படி ஒரு பெரியவர்தான். எடைத் தாளைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "பின்னாடி ஒண்ணும் இல்ல வாத்தியாரே, முன்னாடி வலதுதான்" என்றார். குறுக்குக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன் வலது டார்ஷன் பாரை மட்டும் இறக்கி வைத்தார். பின்பக்கம் யாரும் கையே வைக்கவில்லை. பின் இடது மூலை தானாக 1 செ.மீ. எழுந்தது. திரும்ப எடை பார்த்தோம். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் 10 கிலோவுக்குள்தான் வித்தியாசம். அதன் பிறகு சக்கர அலைன்மென்ட், ஹெட்லைட் இறக்கம் இரண்டையும் பார்த்துக்கொண்டோம். உயரம் மாறினால் அவை இரண்டும் மாறும், இதையும் மறக்காதீர்கள். 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அளந்தோம். அளவு நின்றது.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, இந்த வாரம் ஒரு நோட்டு வாங்கி நான்கு உயரமும் நான்கு பாரமும் எழுதி வையுங்கள். வண்டியைப் பட்டறையில் விடும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திரும்ப எடுக்கும்போது மறுபடி அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். யார் மனமும் புண்படாது. நல்ல மெக்கானிக் அளவு கேட்பவரை மதிப்பார்.